லிங்கன் எழுதாத கடிதம்

கேள்வி:



காட்டுப்பள்ளியில் கண்டெய்னர் யார்டில் ஷிப்ட் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறேன். துறைமுகம் வந்தபோது இடம் மாறிய குப்பத்துக் குடும்பம் எங்களுடையது. என் அப்பா கடைசிவரை கடல் தொழில்தான். நான் சங்கத்தில் பொறுப்பில் இருப்பதால் மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கம் என்னைப் பலருக்குத் தெரியும். மகன் நாமக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். சேர்க்கும்போது ஒரு பிரமுகரின் லெட்டர்பேடில் சிபாரிசு வாங்கிக்கொண்டு போனேன்.

போன வாரம் ஹெச்.எம். கடிதம் அனுப்பியிருக்கிறார். “தங்கள் மகனின் படிப்பிலும் ஒழுங்கிலும் தொய்வு காணப்படுகிறது. ஸ்டடி நேரத்தில் தூங்குகிறான். நேரில் வந்து சந்திக்கவும்.” அவ்வளவுதான் கடிதம். எட்டாம் வகுப்பில் கணக்கில் 90க்குக் கீழே வாங்காதவன், காலாண்டில் 31. பெற்றோர் பார்க்கும் நாள் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு. எனக்கு அன்றைக்குப் பெரும்பாலும் நைட் ஷிப்ட் முடிகிறது. ஆடி மாதம் அப்பா தவறிவிட்டார். பையனுக்கு மிட்டெர்ம் பரீட்சை நடந்ததால் கூப்பிடவில்லை, கருமாதி முடிந்து போனில் சொன்னோம். அந்த அலைச்சலில் இரண்டு மாதம் பள்ளிக்குப் போகவே முடியவில்லை.

பள்ளி டைரியின் முதல் பக்கத்தில் ஆபிரகாம் லிங்கன் தன் மகனின் தலைமையாசிரியருக்கு எழுதிய கடிதம் போட்டிருக்கிறார்கள். படித்தால் கண் கலங்குகிறது. அதே மாதிரி நானும் ஹெச்.எம்.முக்கு எழுத ஆசைப்படுகிறேன். ஜெராக்ஸ் கடைத் தம்பி நல்ல தமிழில் டைப் செய்து தருவதாகச் சொல்கிறார். எழுதலாமா? இல்லை, மறுபடியும் அந்தப் பிரமுகரிடம் சொல்லி லெட்டர்பேடில் ஒரு வார்த்தை போடச் சொல்லட்டுமா? நேரில் போகும்போது வார்டனுக்குப் பழவேற்காட்டுக் கருவாடு கொண்டுபோனால் தப்பாகுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காட்டுப்பள்ளி

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் லிங்கன் விஷயத்தை முடித்துவிடுவோம். அந்தக் கடிதத்தை லிங்கன் எழுதவில்லை.

ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆசிரியர் தினம் வந்தால் வாட்ஸப்பில் சுற்றுகிறது, தலைமையாசிரியர் அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது, ஆண்டு விழா மேடையில் சிறப்பு விருந்தினர் உருகி உருகிப் படிக்கிறார். மராத்தியில் கவிஞர் வசந்த் பாபட் மொழிபெயர்த்து, அங்கேயும் பள்ளிக்குப் பள்ளி போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் லிங்கனின் கடிதங்களையும் உரைகளையும் திரட்டி ராய் பாஸ்லர் 1953இல் கொண்டுவந்த பெரிய தொகுப்பில் அது இல்லை. கையெழுத்துப் பிரதி என்று எவரும் எதையும் காட்டியதில்லை. எந்தப் பள்ளி, எந்தத் தலைமையாசிரியர், லிங்கனின் நான்கு மகன்களில் எந்த மகன் என்ற விவரம் கடிதத்துக்குள்ளும் கிடையாது. சில பிரதிகளில் 1830 என்று வருஷம் வேறு போட்டிருப்பார்கள். 1830இல் லிங்கனுக்கு வயது 21. அவருக்குக் கல்யாணம் ஆனதே 1842 நவம்பரில்.

மூத்த மகன் ராபர்ட் பிறந்தது 1843இல். அவர் பள்ளிக்குப் போக ஆரம்பித்த நாளில் லிங்கன் இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் ஒரு வக்கீல். உள்ளூர்ப் பள்ளி வாத்தியாரிடம் பேச வேண்டியதை வழியில் பார்க்கும்போது பேசிவிடலாம், பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை. கடைசி மகன் டாட், அப்பா ஜனாதிபதியாக இருந்த காலத்தில், வெள்ளை மாளிகைக்கே வந்துபோன ஆசிரியர்களுக்கு டிமிக்கி கொடுத்துக்கொண்டு திரிந்த பிள்ளை. அவனுக்காக எந்தத் தலைமையாசிரியருக்கு எழுதுவது?

அது போலி என்பதைக் காட்டிலும் எனக்கு அதில் வேறொரு குறை உண்டு. விடுதிப் பள்ளி ஒன்றில் பல வருஷம் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த நாற்காலியிலிருந்து அந்தக் கடிதத்தைப் படித்துப் பாருங்கள். நேர்மையைச் சொல்லிக் கொடுங்கள், தோல்வியைத் தாங்கச் சொல்லிக் கொடுங்கள், பூவையும் தேனீயையும் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள், கூட்டத்தோடு போகாமலிருக்கச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்பது மட்டும் நீண்டுகொண்டே போகிறது. பையன் யார் என்று ஒரு வரி இல்லை. அவனுக்கு எதில் பயம், இரவில் தூங்குவானா, எந்தப் பாடம் என்றால் ஓடுவான், வீட்டில் யாரோடு ஒட்டுதல், ஒன்றும் இல்லை. எந்த ஊர்ப் பையனுக்காகவும் எந்தப் பள்ளிக்கும் அனுப்பலாம். அதனால்தான் எல்லாப் பள்ளி டைரியிலும் அச்சடிக்க முடிகிறது. இப்படிக் கடிதம் வந்தால் தலைமையாசிரியர் “நல்ல மனுஷர்” என்று சொல்லிக் கோப்பில் போட்டுவிடுவார். உங்கள் மகனைப் பற்றி அவருக்கு முன்பு தெரிந்திருந்ததற்கு மேல் எதுவும் தெரிந்திருக்காது.

நிஜ லிங்கனுக்கு வருவோம். அவர் இந்தப் போலியைவிடப் பல மடங்கு சுவாரசியமானவர், உங்களுக்கு இன்னும் நெருக்கமானவரும்கூட. தன் வாழ்நாள் பள்ளிப் படிப்பை மொத்தமாகக் கூட்டினாலும் ஒரு வருஷம் தேறாது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட அப்பா மகனை ஹார்வர்டில் சேர்க்க ஆசைப்பட்டார். 1859இல் ராபர்ட் போய் நுழைவுத் தேர்வு எழுதினார். 16 பாடங்களில் 15இல் தோற்றார். பிறகு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வெளியூர்ப் பையன்கள் வந்து தங்கிப் படிக்கும் ஃபிலிப்ஸ் எக்ஸிடர் அகாடமியில் ஒரு வருஷம். இன்றைய கணக்கில் சொன்னால் ரிப்பீட்டர் கோச்சிங்.

மகன் வீட்டிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் மைல் தள்ளி இருக்கிறான். 1860 பிப்ரவரி 27 அன்று நியூயார்க்கில் கூப்பர் யூனியன் மண்டபத்தில் லிங்கன் பேசினார். நாடு முழுக்க அவர் பெயரைக் கொண்டுபோன பேச்சு அது. கிழக்கே அவ்வளவு தூரம் பயணம் வர ஒப்புக்கொண்டதற்கு மகனை எட்டிப் பார்த்துவிடலாம் என்பதும் ஒரு காரணம். பேச்சு முடிந்ததும் ரயிலேறி எக்ஸிடர் போனார், அந்தப் பயணத்தில் பல ஊர்களில் கூட்டமும் பேசினார். பெரிய மனிதர் தன் வேலையையும் பிள்ளையைப் பார்ப்பதையும் ஒரே பயணத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். ஷிப்ட் வேலைக்காரர் ஒருவருக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

அந்த ஜூலையில் ராபர்ட் தேர்வில் தேறிவிட்டார். ஆனால் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கூடப் போயிருந்த சினேகிதன் ஜார்ஜ் லேதம் தோற்றுப்போனான். லிங்கன் அப்போது குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர். மே மாதத்தில்தான் அறிவித்திருந்தார்கள், வீட்டு வாசலில் பிரமுகர் கூட்டம். அதற்கு நடுவே ஜூலை 22 அன்று அந்தப் பையனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இது அசல், தொகுப்பில் இருக்கிறது. செய்தி கேட்டு எனக்கு ஏற்பட்ட வேதனை கொஞ்சமல்ல என்று தொடங்குகிறார். மனம் தளர இடம் கொடுத்தால் மட்டுமே இதில் கேடு, இறங்கிவிட்டாய், இனி ஜெயித்தே ஆகவேண்டும் என்கிறார். அடுத்து அவர் சொல்வதுதான் நமக்கு முக்கியம். அந்தக் கல்லூரித் தலைவர் நிச்சயம் அன்பான மனிதராகத்தான் இருப்பார், நீயே போய்ப் பார், உன் தடை என்ன, அதைத் தாண்ட வழி என்ன என்று அவரே காட்டுவார் என்று எழுதுகிறார்.

ஜனாதிபதி ஆகப் போகிற மனிதர். ஹார்வர்டுக்கு ஒரு வரி போட்டிருந்தால் எவர் மறுத்திருப்பார்? அதைச் செய்யாமல், பையனையே எழுந்து போய்ப் பேசச் சொல்கிறார். டைரியில் அச்சடிக்க வேண்டுமானால் இதை அச்சடிக்கலாம். என்ன, இதில் தேனீ இல்லை.

அடுத்து, தலைமையாசிரியர் பக்கத்திலிருந்து வரும் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு வந்த மூன்று வரிக் கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லண்டனுக்கு அருகில் ஹாரோ என்று ஒரு விடுதிப் பள்ளி. நம் நேருவும் பின்னாளில், 1905இல், அங்கே சேர்ந்தவர்தான். 1888 ஏப்ரலில் வின்ஸ்டன் சர்ச்சில் அங்கே சேர்ந்தார், வயது 13. அப்பா ராண்டால்ஃப் சர்ச்சில் இங்கிலாந்தின் நிதியமைச்சராக இருந்தவர், அதற்கு முன் இந்தியாவுக்கான அமைச்சர். பிரபலமான அப்பா என்றால் இதற்கு மேல் வேண்டாம்.

அந்த ஜூலையில் விடுதியைப் பார்த்துக்கொண்ட ஆசிரியர் டேவிட்சன் பையனின் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்பாவுக்கு எழுதிப் பயனில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதில் மழுப்பல் கிடையாது. மறதி, அக்கறையின்மை, நேரம் தவறுவது, எதிலும் ஒழுங்கில்லாமை. வகுப்புக்குத் தினமும் தாமதம். புத்தகத்தைத் தொலைக்கிறான், காகிதத்தைத் தொலைக்கிறான். திறமையைப் பார்த்தால் வகுப்பில் முதலில் நிற்க வேண்டியவன், நிற்பதோ கடைசியில். சேர்ந்தபோது இருந்ததைவிட இப்போது மோசம். இவ்வளவும் சொல்லிவிட்டு, வேண்டுமென்று செய்கிறான் என்று நானோ அவன் வகுப்பாசிரியரோ நினைக்கவில்லை என்கிறார். சில சமயம் அவனால் இதைத் தவிர்க்கவே முடியவில்லையோ என்று தோன்றுகிறது என்கிறார். சோம்பேறி இல்லை, உழைப்பு விட்டுவிட்டு வருகிறது, வேலையை எடுக்கும்போது நேரம் கடந்துபோகிறது என்று காரணத்தை நெருங்கிப் பார்க்கிறார். பல விதத்தில் அசாதாரணமான பிள்ளை, எனக்காக எழுதிக் கொடுத்த வரலாற்றுப் பாடம் மனதுக்கு நிறைவாக இருந்தது என்பதையும் சொல்லாமல் விடவில்லை. வீட்டுக்கு வரும்போது அவனிடம் கண்டிப்பாகப் பேசுங்கள் என்று ஒரே ஒரு வேலையை அம்மாவுக்குக் கொடுக்கிறார்.

மகன் பிற்காலத்தில் யாராக ஆனான் என்பதை வைத்து அந்த ஆசிரியரைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. அந்த வயதுப் பையனைப் பற்றி அவ்வளவு கவனமாக எழுதிய கடிதம் எத்தனை வீட்டுக்கு வந்திருக்கும்?

மறு வருஷம், 1889இல், ஹாரோவின் தலைமையாசிரியர் வெல்டன் ராண்டால்ஃபுக்கே எழுதினார். இந்த வெல்டன் பிறகு கல்கத்தாவுக்கு பிஷப்பாக வந்தவர். வாரம் முழுக்க உங்களுக்கு வேலை இருக்கும், சனிக்கிழமை வந்து திங்கள்வரை என் வீட்டில் தங்கலாமே, எந்தச் சனி தோது என்று சொல்லுங்கள் என்பது கடிதத்தின் சாரம். வின்ஸ்டன் வீட்டுக்கு எழுதும்போது தன்னைப் பற்றி ஏதாவது சொல்கிறானோ என்னவோ, அவனிடம் பெரிய திறமைகள் இருக்கின்றன, முன்னேறி வருகிறான் என்றும் சேர்த்திருந்தார். பிள்ளையைப் பார்க்க வராத அப்பாவைக் குற்றம் சொல்லாமல், வரவழைக்க வழி பார்த்த கடிதம் அது. அந்த அப்பாவோ, 1893இல் மகன் மூன்றாம் முயற்சியில் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரித் தேர்வில் தேறியபோது, மார்க் போதாமல் காலாட்படையை விட்டுக் குதிரைப்படைக்குப் போனதற்காக நீ உருப்படமாட்டாய் என்ற தொனியில் நீளமாக எழுதினார். தோற்ற ஊரான் பிள்ளைக்கு லிங்கன் எழுதியதையும், ஜெயித்த சொந்தப் பிள்ளைக்கு இவர் எழுதியதையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு நாள் தூக்கம் போகும்.

உங்கள் லெட்டர்பேடு கேள்விக்கு வருகிறேன். வேண்டாம்.

லெட்டர்பேடோடு வந்த பையனைப் பள்ளியில் என்ன செய்வார்கள் என்று உள்ளேயிருந்து பார்த்தவன் சொல்கிறேன். ஆசிரியர்கள் திட்டவும் பயப்படுவார்கள், தட்டிக் கொடுக்கவும் தயங்குவார்கள். வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தால், பின்னால் யார் கையிலாவது போய்ச் சேரும் என்று எண்ணி, ஒரு சொல்லும் அதிகம் போடாமல் எழுதுவார்கள். “தொய்வு காணப்படுகிறது” என்ற அந்த மொட்டை வாக்கியம் அப்படி வந்ததாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். கூடப் படிக்கும் பையன்கள் அவனை எப்படி நடத்துவார்கள் என்பது வேறு கதை.

தனிச் சலுகை பற்றி நேரு வீட்டுக் கதை ஒன்று உண்டு. 1934இல் அவர் மகள் இந்திரா சாந்திநிகேதனில் சேர்ந்தபோது, மற்ற மாணவிகளைப் போல விடுதியில் தங்காமல் தனியாக ஏற்பாடு செய்யலாமா என்ற பேச்சு வந்தது. நேரு சிறையிலிருந்து மகளுக்கு எழுதினார். எல்லோரிடமிருந்தும் விலகித் தனிக் கவனிப்பைக் கேட்பது இங்கிலாந்து இளவரசர் படிக்கப் போவது மாதிரி, அதில் அகம்பாவ வாடை அடிக்கிறது என்று வெடுக்கென்று சொல்லிவிட்டார். இந்திரா விடுதியில்தான் தங்கினார். மறு வருஷம் ஏப்ரலில், நோயாளியான தாயோடு ஐரோப்பா போவதற்காக அவர் படிப்பை நிறுத்த வேண்டி வந்தபோது, தாகூர் நேருவுக்குக் கனத்த மனதோடு எழுதினார். ஆசிரியர்கள் ஒருமித்துப் புகழ்கிறார்கள், மாணவர்களுக்கும் அவளைப் பிடித்திருக்கிறது என்று. தனி வீட்டில் தனிச் சமையல்காரரோடு இருந்திருந்தால் அந்த இரண்டாவது சேதி கிடைத்திருக்குமா?

இனி உங்கள் கடிதம். அதில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வாக்கியம் இருக்கிறது. ஆடியில் அப்பா தவறினார், பையனைக் கூப்பிடவில்லை, கருமாதி முடிந்து போனில் சொன்னோம். நீங்கள் போக முடியாததற்குக் காரணமாக அதைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அதைப் படித்துவிட்டு உங்கள் மகனின் காலாண்டு மார்க்கைத் திரும்பப் பார்த்தேன்.

நீங்கள் வேலைக்குப் போய்விட்டால் அந்தப் பையன் யாரோடு இருந்திருப்பான்? குப்பத்தில் வளர்ந்த பிள்ளை, தாத்தா கடல் தொழில் செய்தவர். கரையில் வலை சரிபார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவனாகத்தான் இருக்க வேண்டும். முகம் பார்க்கவில்லை, தூக்கிப் போகும்போது கூட நடக்கவில்லை, மொட்டை போட்டவர்களில் அவன் இல்லை. பரீட்சைத் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு வந்து, வார்டன் அறையில் போனைக் காதில் வைத்துக் கேட்டிருக்கிறான். இரவில் தூங்காத பையன்தான் ஸ்டடியில் தூங்குவான். இதுதான் காரணம் என்று இங்கிருந்து நான் அடித்துச் சொல்ல முடியாது. கண் பார்வையாக இருக்கலாம், பக்கத்துக் கட்டில் பையன்களின் தொல்லையாக இருக்கலாம், ஒன்பதாம் வகுப்புக் கணக்கின் கடினமாகவும் இருக்கலாம். ஆனால் இந்த ஒரு சேதி ஹெச்.எம்.முக்குத் தெரியாது. வீட்டிலிருந்து மட்டுமே போகக்கூடிய சேதி அது.

நீங்கள் பரீட்சைக்காகக் கூப்பிடாமல் விட்டதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வடசென்னையிலிருந்து அவ்வளவு தூரம் அனுப்பிப் படிக்க வைக்கும் எந்த வீடும் அந்த நேரத்தில் அப்படித்தான் யோசிக்கும். இன்னொன்றையும் யோசியுங்கள். இந்த வருஷம் உங்கள் வீட்டில் தீபாவளி கிடையாது. அவனுக்கு அதை யாராவது சொன்னீர்களா? விடுதியில் எல்லாப் பையன்களும் பட்டாசுக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் நேரம்.

ஜெராக்ஸ் கடைத் தம்பி வேண்டாம். உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள், எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும். ஹெச்.எம். பெயருக்கே எழுதுங்கள். தாளாளருக்கு நகல் போட்டால் அது புகார் ஆகிவிடும். மாதிரிக்கு ஒன்று தருகிறேன், உங்கள் வாய்ப்பேச்சுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

“மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. கவனித்து எழுதியதற்கு நன்றி. தங்களிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. ஆடி மாதம் என் தகப்பனார் காலமானார். பையன் அவர் மடியில் வளர்ந்தவன். பரீட்சை நடந்ததால் அவனை அழைக்கவில்லை, காரியம் முடிந்த பிறகு போனில் சொன்னோம். அவன் தூக்கத்துக்கும் மார்க்குக்கும் இதைச் சாக்காகச் சொல்லவில்லை. தாங்களும் வார்டன் அவர்களும் அறிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். ஸ்டடியில் தூங்குவது எந்த மாதத்திலிருந்து? இரவில் தூங்குகிறானா, ஒழுங்காகச் சாப்பிடுகிறானா? கணக்கில் அவனுக்கு எந்த இடத்தில் சிக்கல் என்று ஆசிரியர் கருதுகிறார்? இவற்றை அறிய விரும்புகிறேன். ஷிப்ட் முறையால் இரண்டாவது ஞாயிறு வர இயலவில்லை. எனக்கு வார விடுமுறை புதன்கிழமை. வரும் புதன் அல்லது அதற்கடுத்த புதன் வந்தால் தங்களையும், பிறகு மகனைத் தனியாகவும் சந்திக்க அனுமதி வேண்டுகிறேன்.”

இவ்வளவு போதும். ஒழுக்கம், எதிர்காலம், தங்கள் பொற்கரங்கள் எதுவும் வேண்டாம். புதன்கிழமை என்று நான் சும்மா போட்டேன், உங்கள் விடுமுறை நாளைப் போடுங்கள். நாள் குறித்துக் கேட்டால்தான் பதில் வரும். வெல்டன் மாதிரி அவராக நாள் கேட்டு எழுதுவார் என்று காத்திருக்க வேண்டாம்.

நேரில் போகும்போது மார்க் பேச்சு கடைசியில் வரட்டும். ஒன்பதாம் வகுப்பில் மார்க் இறங்கினால் சில தனியார் பள்ளிகள், பத்தாம் வகுப்பு ரிசல்ட் நூற்றுக்கு நூறு காட்ட வேண்டுமே என்று, டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள் என்று மெதுவாக ஆரம்பிப்பார்கள். அப்படிப் பேச்சு எழுந்தால் அங்கேயே தலையாட்டிவிடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். பையனைத் தனியாகப் பார்க்கும்போது அடி, மிரட்டல் ஏதேனும் உண்டா என்று விசாரியுங்கள். உடலைத் தண்டிப்பதையும் மனதைத் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. அந்தச் சட்டம் 14 வயதுவரைதான் என்று யாராவது வாதாடினாலும், அடிப்பதற்கு அதற்கு மேலும் எவருக்கும் உரிமை கிடையாது. அப்படி ஏதாவது இருந்தால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பள்ளிக் கல்வித்துறையின் எண் 14417. இருக்காது என்றே நம்புவோம். எழுதிக் கூப்பிட்ட தலைமையாசிரியர், கூப்பிடாமலே டி.சி. கிழிக்கிறவரைவிட எவ்வளவோ மேல்.

பையனுக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். போன் வேண்டாம், வார்டன் அறையில் வரிசையில் நிற்பவர்களுக்கு முன் அவன் அழமாட்டான். தாத்தா கடைசி நாட்களில் எப்படி இருந்தார், அவனைப் பற்றி ஏதாவது கேட்டாரா, அவருடைய வலை இப்போது யாரிடம் இருக்கிறது, இதையெல்லாம் எழுதுங்கள். கணக்கைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். கடைசியில், ஹெச்.எம். சாரை நீயே போய்ப் பார்த்துத் தாத்தா விஷயத்தைச் சொல்லலாம், அவர் கேட்பார் என்று ஒரு வரி போடுங்கள். லேதமுக்கு லிங்கன் சொன்னதும் அதுதான்.

சென்ட்ரலிலிருந்து இரவில் கிளம்பும் பழனி எக்ஸ்பிரஸ் நாமக்கல் வழியாகத்தான் போகிறது. விடிவதற்கு முன் இறங்கிவிடலாம், அதே நாள் இரவு திரும்பவும் வண்டி உண்டு.

கருவாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வார்டனுக்கு வேண்டாம். இன்று வாங்கிக்கொண்டால் நாளைக்கு உங்களிடம் உண்மையைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கும். பையனுக்கும் விடுதிக்குள் அனுமதிக்கமாட்டார்கள், அந்த வாசனையை வைத்து மற்றப் பையன்கள் ஒரு மாதம் கிண்டல் செய்வார்கள். மதியம் வெளியே அழைத்துப்போக அனுமதி கிடைத்தால், அவன் அம்மாவை நெத்திலிக் கருவாட்டைத் தொக்காகச் செய்து தரச் சொல்லுங்கள். எவர்சில்வர் டப்பா வேண்டாம், எண்ணெய் கசியும். மூடி இறுகும் பாட்டிலில் போட்டு, சோற்றைத் தனியாகக் கட்டி எடுத்துப் போங்கள்.